பயறு உளுக்காமல் காக்க வீட்டிலேயே வழி உண்டு

நெல் தரிசில் விதைத்த உளுந்தும் பச்சைப்பயறும் பங்குனி, சித்திரை மாதங்களில் களத்துக்கு வந்துவிடுகின்றன. அடுத்த தையில் தெளிக்க வேண்டிய விதையை அந்தக் குவியலிலிருந்தே எடுத்து வைக்கலாம். ஆனால் சிறு விவசாயிகளில் பலர் அவ்வாறு வைப்பதில்லை. "வைத்தால் வண்டு விழுந்துவிடும்" என்ற அச்சத்தால் அறுவடை முடிந்த வாரத்திலேயே, விலை இறங்கியிருக்கும் நேரத்தில், மொத்தத்தையும் மூட்டை கட்டி விற்றுவிடுகின்றனர். பிறகு சமையலுக்குப் பருப்பையும், விதைப்புக்கு விதையையும் கூடுதல் விலை கொடுத்துக் கடையில் வாங்குகின்றனர். விளைவித்தவரே விலை கொடுத்து வாங்கும் இந்த நிலைக்குக் காரணம் ஒரு சிறு வண்டு.

இத்தனைக்கும் வீட்டுக்குத் தேவையான அளவு அதிகம் இல்லை. நெல் தரிசில் உளுந்து விதைக்க ஏக்கருக்கு 10 கிலோ விதை போதும். இரண்டு ஏக்கர் உள்ளவருக்கு 20 கிலோ. நான்கைந்து பேர் உள்ள குடும்பத்தின் சமையல் தேவையையும் சேர்த்தால்கூட ஒரு மூட்டைக்கு மேல் போகாது. இந்த ஒரு மூட்டையைக் காப்பாற்ற மருந்தோ, இயந்திரமோ தேவையில்லை. வெயில், பாலிதீன் தாள், காலிப் புட்டி, கொஞ்சம் எண்ணெய், ஆற்று மணல் ஆகியவை இருந்தால் போதும். ஆனால் செய்ய வேண்டிய நேரத்தில் செய்ய வேண்டும். அந்த நேரம் அறுவடைக்குப் பின் வரும் முதல் மாதம்.

வண்டு எங்கிருந்து வருகிறது?

பானையில் வண்டு தானாகத் தோன்றுவதாகவும், பழைய சாக்கிலிருந்து ஏறிக்கொள்வதாகவும் பலர் நினைக்கின்றனர். சாக்கிலிருந்து வருவது உண்மைதான். ஆனால் பயறு வண்டு வீட்டுக்கு வரும் முதல் வழி வயல். செடியில் காய் முற்றி நிறம் மாறும் சமயத்தில், பெண் வண்டு பறந்து வந்து காயின் மேல் முட்டையிடுகிறது. பொரித்த புழு காயைத் துளைத்து உள்ளே இருக்கும் விதைக்குள் புகுந்துகொள்கிறது. அறுவடை செய்து, அடித்து, தூற்றி, மூட்டை கட்டும்போது அந்தப் புழுவும் விதைக்குள் இருந்தபடியே வீட்டுக்கு வந்து சேருகிறது. வெளியே பார்த்தால் விதை நன்றாகவே இருக்கும்.

சுமார் 25 முதல் 30 நாளில் புழு வளர்ந்து, கூண்டுப் புழுவாகி, வண்டாகி, விதையின் தோலை வட்டமாக வெட்டித் திறந்து வெளியே வருகிறது. நாம் காணும் ஓட்டை அது வெளியேறிய வாசல். உள்ளே நுழைந்த துளை கண்ணுக்குத் தெரியாது. வெளிவந்த வண்டு பயறைத் தின்பதில்லை. ஏறத்தாழ பத்து நாள் உயிரோடு இருந்து, இணை சேர்ந்து முட்டையிட்டு இறந்துபோகிறது. ஒரு பெண் வண்டு 80 முட்டை வரை இடும். களத்தில் காய்க்குள் விதை மறைந்திருந்தது. வீட்டிலோ விதை வெறுமையாகக் கிடப்பதால், வண்டு நேரே விதையின் மேலேயே முட்டையை ஒட்டிவிடுகிறது. ஊசிமுனை அளவான இந்த முட்டைகளைக் கண்ணாலேயே பார்க்கலாம். கண்ணாடிபோல் மினுமினுத்தால் இன்னும் பொரியாத முட்டை. சுண்ணாம்புப் பொட்டுபோல் வெள்ளையாகத் தெரிந்தால் புழு விதைக்குள் இறங்கிவிட்டது என்று பொருள். விதையைக் குடைந்த தூளை அது முட்டை ஓட்டுக்குள் தள்ளுவதால் ஓடு வெளுத்துவிடுகிறது.

இதைக் கணக்காகப் பார்த்தால் முதல் மாதத்தின் அருமை விளங்கும். ஒரு பெண் வண்டு இடும் 80 முட்டைகளில் பாதி அழிந்து, 40 மட்டும் பிழைப்பதாகக் கொள்வோம். அவற்றில் 20 பெண். அடுத்த தலைமுறையில் 800 வண்டு. அவற்றில் 400 பெண். மூன்றாம் தலைமுறையில் 16,000. ஒவ்வொரு வண்டும் ஒரு விதையைக் குடைந்து வந்தது என்று வைத்தால், 100 உளுந்து விதையின் எடை 4 முதல் 5 கிராம் ஆகையால், மூன்றாம் தலைமுறை மட்டுமே சுமார் 700 கிராம் உளுந்தைப் பாழாக்குகிறது. இது ஒரே ஒரு பெண் வண்டின் வேலை. வயலிலிருந்து பத்துப் பெண் வண்டுகள் வந்திருந்தால் ஏழு கிலோ. ஆடியில் மூடியைத் திறந்து "திடீரென்று வண்டு விழுந்துவிட்டது" என்று சொல்கிறோமே, அது திடீரென்று நடந்ததன்று. சித்திரையிலேயே தொடங்கியது ஆடியில் கண்ணுக்குத் தெரிகிறது.

களத்திலேயே தொடங்க வேண்டும்

காய்கள் முற்றிக் கறுத்த பின்னும் ஆள் கிடைக்கவில்லை என்று செடியிலேயே நாள்கணக்கில் விட்டுவைத்தால், வண்டு முட்டையிடக் கூடுதல் நாள் கிடைக்கிறது. பறித்த காய்களையும் குவித்தே போட்டு வைக்காமல், காய்ந்ததும் அடித்துப் பிரித்துவிடுவது நல்லது. விதைக்கு எடுப்பதை மட்டுமாவது, செடிகள் செழிப்பாக, நோயின்றி, ஒரே சீராக இருக்கும் பகுதியிலிருந்து முதலில் தனியே பறித்துக்கொள்ள வேண்டும்.

அடித்துத் தூற்றிய அன்றே குவியலை மூன்றாகப் பிரித்துவிட வேண்டும். விற்பனைக்கு ஒன்று, சமையலுக்கு ஒன்று, விதைக்கு ஒன்று. மூன்றுக்கும் செய்முறை வேறு. எல்லாவற்றையும் ஒரே குதிரில் கொட்டிவிட்டுத் தேவைப்படும்போது அள்ளிக்கொள்ளும் வழக்கமே பாதிக் கேட்டுக்குக் காரணம் எனலாம். அடிக்கடி திறந்து மூடும் பாத்திரத்தில் விதை இருக்கக் கூடாது.

சென்ற ஆண்டுப் பயறு மிச்சம் இருந்தால், புதியதை அதன்மேல் கொட்டுவது கூடவே கூடாது. பழைய சாக்குகளின் தையலிலும் மடிப்பிலும் வண்டுகள் ஒளிந்திருக்கும். சாக்கைக் கொதிநீரில் முக்கி எடுத்து, உட்புறம் வெளியே தெரியும்படி திருப்பி, இரண்டு நாள் நல்ல வெயிலில் காயப் போட வேண்டும். மண் குதிர், தாழி ஆகியவற்றில் விரிசல் இருந்தால் களிமண்ணும் சாணமும் குழைத்துப் பூசி, காய்ந்த பிறகே பயன்படுத்த வேண்டும். வீட்டின் மூலைகளில் சிதறிக் கிடக்கும் பழைய பயறு, நொய், தூசி ஆகியவற்றைப் பெருக்கி எரித்துவிட வேண்டும். வாசலில் கொட்டினால் வண்டு மறுபடியும் உள்ளே வரும்.

காயவைப்பதில் அவசரம் ஆகாது

எந்த முறையைக் கையாண்டாலும் முதல் வேலை ஈரம் போக்குவதுதான். பயறு வகைகளில் ஈரப்பதம் 10 சதத்துக்கும் கீழே இருக்க வேண்டும். விதையின் ஈரம் ஒவ்வொரு ஒரு சதம் குறையும்போதும் அதன் ஆயுள் ஏறத்தாழ இரு மடங்காகிறது என்பது விதை நூலில் நெடுங்காலமாக உள்ள கணக்கு. இதைவிட மலிவான பாதுகாப்பு வேறொன்றும் இல்லை.

சமையல் பயறை எந்த வெயிலிலும் காய வைக்கலாம். விதைப் பயறுக்கு மட்டும் உச்சி வெயில் கூடாது. காலை 8 மணி முதல் 12 மணி வரையும், பிறகு பிற்பகல் 3 மணி முதல் 5 மணி வரையும் காய வைத்து, இடையே நிழலுக்கு மாற்ற வேண்டும். தார்ப்பாய் அல்லது சுத்தமான சிமெண்டுக் களத்தில் மெல்லியதாகப் பரப்பி, மணிக்கு ஒரு முறை காலால் அல்லது பலகையால் கிளறிவிட வேண்டும். தார்ச் சாலையில் காய வைக்கும் வழக்கம் பெருகிவிட்டது. வண்டிச் சக்கரத்தில் நொறுங்கும் பயறு போக, அந்த வழியே இரவில் வருபவர் உயிருக்கும் அது ஆபத்து. தவிர்க்கவே வேண்டும்.

போதிய அளவு காய்ந்துவிட்டதா என்று அறியக் கருவி வேண்டியதில்லை. ஒரு பயறைப் பல்லிடுக்கில் வைத்துக் கடித்தால் 'டக்' என்று இரண்டாக உடைய வேண்டும். பல் பதிந்தால் ஈரம் இருக்கிறது. இன்னொரு சோதனை உப்பைக் கொண்டு செய்வது. நன்றாகக் காய்ந்த கண்ணாடிப் புட்டியில் கால் பங்கு பயறைப் போட்டு, வெயிலில் காய்ந்த தூள் உப்பு இரண்டு, மூன்று கரண்டி சேர்த்து மூடி, ஒரு நிமிடம் குலுக்க வேண்டும். கால் மணி நேரம் அசையாமல் வைத்துப் பார்க்க வேண்டும். உப்பு புட்டியின் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தால் ஈரம் 15 சதத்துக்கும் மேல். ஒட்டாமல் உதிர்ந்து கீழே கிடந்தால் 15 சதத்துக்குள் வந்துவிட்டது என்று அறியலாம். ஆனால் 10 சதம் வந்துவிட்டது என்று அதற்குப் பொருள் அன்று. உப்புச் சோதனையில் தேறிய பிறகும் இரண்டு நாள் காய வைத்துக் கடித்துப் பார்ப்பதே முறை.

வெயிலிலிருந்து அள்ளியதைச் சூட்டோடு பானையில் கொட்டி மூடக் கூடாது. உள்ளே வியர்த்து, அந்த ஈரமே பூசணத்துக்கு வழி வகுக்கும். இரவு முழுவதும் நிழலில் பரப்பி ஆற வைத்த பின் கட்ட வேண்டும்.

பாலிதீன் தாளில் ஒரு வெயில் அடுப்பு

சாதாரணமாகக் காய வைப்பதால் ஈரம் போகும். வெளியே திரியும் வண்டு ஓடிவிடும். விதைக்குள் இருக்கும் புழு சாகாது. அதைக் கொல்ல இன்னும் சூடு வேண்டும். தட்டைப்பயறு அதிகம் விளையும் ஆப்பிரிக்க நாடான காமரூனின் சிறு விவசாயிகளுக்காக, அமெரிக்காவின் பர்டூ பல்கலைக் கழக விஞ்ஞானிகள் இதற்கு ஓர் எளிய வழி கண்டனர். அங்கே தட்டைப்பயறை அழிக்கும் வண்டும் நம் ஊர்ப் பயறு வண்டும் ஒரே இனம். பயறு 57 டிகிரி சென்டிகிரேடு சூட்டில் ஒரு மணி நேரம் இருந்தால் முட்டை, புழு, கூண்டுப் புழு, வண்டு ஆகிய எல்லா நிலைகளும் மடிந்துவிடுகின்றன என்று அவர்கள் நிறுவினர். அந்தச் சூட்டை உண்டாக்க இரண்டு பாலிதீன் தாள் போதும்.

தரையில் நான்கு விரற்கடை கனத்துக்கு வைக்கோல் பரப்பவேண்டும். வைக்கோல் இல்லாவிட்டால் பழைய சாக்குகளை அடுக்கலாம். தரை சூட்டை உறிஞ்சிவிடாமல் இருக்க இந்த மெத்தை அவசியம். பலர் இதை விட்டுவிட்டுப் பிறகு பலன் இல்லை என்கின்றனர். அதன்மேல் 10 அடிக்கு 10 அடி கறுப்புப் பாலிதீன் தாளை விரித்து, முன்பே நன்றாகக் காய்ந்த பயறை இரண்டு, மூன்று பயறு கனத்துக்கு மெல்லியதாகப் பரப்ப வேண்டும். ஒரு முறைக்கு 50 கிலோ வரை போடலாம். மேலே அதே அளவுள்ள, ஒளி ஊடுருவும் வெள்ளைப் பாலிதீன் தாளை மூடி, இரண்டு தாள்களின் ஓரங்களையும் சேர்த்து உள்புறமாக மடித்து, சுற்றிலும் கல் அல்லது மணல் மூட்டை வைத்துக் காற்றுப் போகாமல் அழுத்த வேண்டும். மேகமில்லாத நாளில் உச்சி வெயிலில் இரண்டு மணி நேரத்துக்குக் குறையாமல் விட வேண்டும். பொதுவாக 11 மணி முதல் 2 மணி வரை வைத்தால் ஐயமில்லை.

மேல்தாளின் உட்புறத்தில் நீர்த்துளிகள் கோத்தால் பயறு சரியாகக் காயவில்லை என்று அறியலாம். அப்போது தாளை எடுத்துவிட்டு மறுநாள் காய வைத்த பின் மீண்டும் செய்ய வேண்டும். சித்திரை வெயில் இதற்கென்றே அமைந்தது போன்றது. சமையலுக்கும் விற்பனைக்கும் வைக்கும் பயறுக்கு இம்முறை சாலச் சிறந்தது. விதைக்கு வேண்டாம். நன்கு காய்ந்த விதை இந்தச் சூட்டைத் தாங்கும் எனினும், சிறிது ஈரம் மிஞ்சியிருந்தாலும் முளை செத்துவிடும். பத்து கிலோ விதைக்காக அந்தத் துணிச்சல் தேவையில்லை.

சூடு காட்டிய பயறில் மருந்தின் வாடையோ எச்சமோ இராது. அதே சமயம், மறுபடி வண்டு வராமல் தடுக்கும் சக்தியும் அதில் இல்லை. ஆறியவுடன் அன்றே மூடிவிட வேண்டும். திறந்த சாக்கில் போட்டு வைத்தால் பட்ட பாடு வீண்.

விதைக்குக் காலிப் புட்டி

விதையைக் காக்க மிக எளிய வழி, காற்றுப் புகாமல் அடைப்பது. விதைக்குள் இருக்கும் புழுவும் மூச்சுவிடுகிறது. மூடிய பாத்திரத்தில் உள்ள பிராண வாயுவைப் புழுக்களும் வண்டுகளுமே சில நாளில் தீர்த்துவிடுகின்றன. பிராண வாயு குறைந்ததும் அவை தின்பதை நிறுத்துகின்றன. பயறில் தண்ணீர் கிடையாது. புழு தனக்கு வேண்டிய நீரைத் தின்ற உணவிலிருந்து, பிராண வாயுவின் துணையோடுதான் உடலுக்குள் உண்டாக்கிக்கொள்கிறது. அது நின்றுபோனால் உள்ளே கிடந்தபடியே வறண்டு சாகிறது. வண்டைக் கொல்ல நாம் எதையும் சேர்க்க வேண்டியதில்லை. காற்றை மட்டும் மறுத்தால் போதும்.

இரண்டு லிட்டர் குளிர்பானப் புட்டிகள் இன்று எல்லா ஊரிலும் காலியாகக் கிடக்கின்றன. ஒரு புட்டியில் சுமார் 1.6 கிலோ உளுந்து பிடிக்கும். இரண்டு ஏக்கருக்கு வேண்டிய 20 கிலோ விதைக்கு 13 புட்டி போதும். திருமண மண்டபம், தேநீர்க் கடை ஆகிய இடங்களில் கேட்டாலே கிடைக்கும். பூச்சி மருந்து, மண்ணெண்ணெய் இருந்த புட்டிகளை எக்காரணம் கொண்டும் தொடக் கூடாது. புட்டியைக் கழுவி, இரண்டு நாள் கவிழ்த்து வைத்து, உள்ளே ஒரு சொட்டு ஈரமும் இல்லாமல் காய வைக்க வேண்டும். காய்ந்து ஆறிய விதையை வாய்வரை நிரப்பி, தரையில் மெல்லத் தட்டி இறங்கச் செய்து, மேலும் நிரப்ப வேண்டும். பாதி நிரப்பிய புட்டியில் காற்று மிஞ்சி, வண்டுக்குப் பல நாள் உயிர் கொடுக்கும். மூடியை இறுகத் திருகி, அதன் விளிம்பைச் சுற்றி மெழுகுவர்த்தியை உருக்கி ஊற்றினால் இன்னும் நல்லது. ரகத்தின் பெயரையும் அடைத்த தேதியையும் எழுதி ஒட்டி, வெயில் படாத, குளிர்ந்த மூலையில் வைக்க வேண்டும். இரண்டு மாதம் வரை எந்தப் புட்டியையும் திறக்கக் கூடாது. ஆசைக்குத் திறந்து பார்த்தால் புதுக் காற்று உள்ளே போய்விடும்.

அளவு கூடுதலாக இருந்தால் இதே முறையைச் சாக்கிலும் செய்யலாம். கனமான பாலிதீன் பை இரண்டை ஒன்றுக்குள் ஒன்றாகச் சாக்கினுள் இறக்க வேண்டும். உட்பையை நிரப்பி, காற்றை அழுத்தி வெளியேற்றி, வாயை முறுக்கி, மடித்துக் கயிற்றால் இறுகக் கட்ட வேண்டும். அதன்மேல் இரண்டாம் பையையும் அவ்வாறே தனியாகக் கட்டி, கடைசியில் சாக்கைக் கட்ட வேண்டும். காமரூனில் தொடங்கிப் பல நாடுகளுக்குப் பரவிய மூன்றடுக்குப் பை இந்த அமைப்புடையதுதான். மெல்லிய கடைப்பை இதற்கு உதவாது. வண்டு ஓட்டை போட்டுவிடும். உரச் சாக்கைக் கழுவிப் பயன்படுத்துவதும் தவறு. கட்டிய மூட்டையைச் சுவரை ஒட்டாமல், பலகை மேடையின் மேல் வைக்க வேண்டும். எலி ஒரு கடி கடித்தால் காற்றுப் புகுந்துவிடும்.

இம்முறையில் ஓர் எச்சரிக்கை முக்கியமானது. ஈரப் பயறைக் காற்றுப் புகாமல் அடைப்பது, அதைத் திறந்து வைப்பதைவிடக் கெடுதல். பூசணம் பிடித்து, முளைப்பும் போய், சமையலுக்கும் ஆகாது. பூசணம் பிடித்த பயறைக் கழுவி உண்பதும், மாட்டுக்கு வைப்பதும் ஆபத்து. சில பூசணங்கள் உண்டாக்கும் நச்சு வேக வைத்தாலும் போகாது.

எண்ணெய், செம்மண், மணல்

நம் வீடுகளில் துவரம் பருப்புக்கு ஆமணக்கு எண்ணெய் தடவி வைக்கும் வழக்கம் வெறும் நம்பிக்கை அன்று. எண்ணெய்ப் படலம் முட்டையின் மூச்சை அடைத்துவிடுகிறது. வழுக்குவதால் புதிய முட்டையும் சரியாக ஒட்டுவதில்லை. ஒரு கிலோ முழுப் பயறுக்கு 5 மில்லி, அதாவது ஒரு தேக்கரண்டி எண்ணெய். ஆமணக்கு எண்ணெய், நல்லெண்ணெய், கடலை எண்ணெய் எதுவானாலும் சரி. பாயில் பரப்பி, எல்லாப் பயறும் பளபளக்கும் வரை உள்ளங்கையால் தேய்த்துவிட வேண்டும். விதைக்கு மட்டும் என்றால் கிலோவுக்கு 10 மில்லி வேப்பெண்ணெய் தடவலாம். அதற்கு மிஞ்சக் கூடாது, அதை உண்ணவும் கூடாது. விதைக்குள் ஏற்கெனவே இறங்கிவிட்ட புழுவை எண்ணெய் ஒன்றும் செய்வதில்லை. ஆதலால் களத்திலிருந்து வந்த முதல் வாரத்திலேயே தடவுவதுதான் பலன் தரும். வண்டு ஓடுவதைக் கண்ட பிறகு தடவுவது காலம் கடந்த வைத்தியம்.

துவரைக்குச் செம்மண் கட்டி வைப்பதும் நல்ல முறையே. செம்மண்ணைச் சலித்து, நீர்விட்டுக் குழைத்து, துவரையின்மேல் படியப் பிசறி, நன்றாகக் காய வைத்துச் சேமிப்பது தென் மாவட்டங்களிலும் மேற்கு மாவட்டங்களிலும் பழைய வழக்கம். மண் பூச்சு முட்டையிடத் தடையாகிறது. நுண்ணிய மண்ணும் சாம்பலும் வண்டின் உடலில் உள்ள மெழுகுப் பூச்சைச் சுரண்டி, அது நீர் வற்றிச் சாகவும் காரணமாகின்றன.

மண்பானையில் வைப்பவர்கள், பயறின்மேல் நான்கு விரற்கடை கனத்துக்கு உலர்ந்த ஆற்று மணலைப் பரப்பி வைக்கலாம். சலித்து, வறுத்து ஆற வைத்த மணலாக இருக்க வேண்டும். பயறுக்கும் மணலுக்கும் இடையே மெல்லிய துணி விரித்தால், எடுக்கும்போது கலக்காது. வெளி வண்டு மணலைத் தாண்டி உள்ளே இறங்க முடியாது. எடுக்கும் போதெல்லாம் மணலைக் கலைத்தால் பயனில்லை என்பதால், மாதத் தேவையைத் தனியாக ஒரு டப்பாவில் எடுத்துக்கொள்வது வசதி.

சமையல் பயறில் பெரும் பங்கை முதல் மாதத்திலேயே உடைத்துப் பருப்பாக்கிவிடுவதும் ஒரு பாதுகாப்பே. பயறு வண்டு முழுப் பயறையே விரும்புகிறது. தோல் நீக்கி உடைத்த பருப்பில் அது செழிப்பதில்லை.

வேப்பிலை, நொச்சி இலை, வற்றல் மிளகாய் ஆகியவற்றைப் போட்டு வைப்போர் உண்டு. நிழலில் உலர்த்திய இலையானால் ஓரளவு வண்டை விரட்டும். பச்சை இலையைப் போட்டால் அதன் ஈரமே கேடு. ஈரப் பயறில் மிளகாயைப் போட்டு மூடிவிட்டு நிம்மதியாக இருப்பது ஏமாற்றமாகத்தான் முடியும்.

வீட்டுக்குள் மாத்திரை வேண்டாம்

வண்டு விழுந்தவுடன் "ஒரு மாத்திரை வாங்கிப் போட்டால் முடிந்தது" என்று சொல்வோர் எல்லா ஊரிலும் இருக்கின்றனர். கிடங்குகளில் பயன்படும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையைத்தான் அவ்வாறு சொல்கின்றனர். காற்றில் உள்ள ஈரம் பட்டதும் அதிலிருந்து பாஸ்பீன் என்னும் நச்சு வாயு வெளிவருகிறது. வண்டைக் கொல்லும் அதே வாயு மனிதரையும் கொல்லும். மூட்டை இருக்கும் அறையிலோ, அடுத்த அறையிலோ குழந்தைகள் உறங்கினால் கதவு இடுக்கு வழியே வாயு சென்று சேரும். இந்த நஞ்சுக்கு முறிவு மருந்து இல்லை. பயிற்சி பெற்றவர்கள், காற்றுப் புகாத மூடுதாளின் கீழ், குடியிருப்பில்லாத கிடங்கில் கையாள வேண்டிய பொருள் அது. விற்பனைக்கும் சட்டக் கட்டுப்பாடு உண்டு. தெரிந்த கடைக்காரர் என்பதற்காகத் தாளில் மடித்து வாங்கி வரக் கூடாது. வீட்டில் முன்பே வாங்கி வைத்திருந்தால், அதை நீரில் கரைப்பதோ சாக்கடையில் போடுவதோ கூடாது. குழந்தைகளுக்கு எட்டாத, ஈரம் படாத இடத்தில், வீட்டுக்கு வெளியே வைத்து, வேளாண்மை அலுவலரிடம் தெரிவிக்க வேண்டும்.

ஒரு காலத்தில் பி.எச்.சி. தூளைத் தானியத்தின் மேல் தூவியவர்களும் உண்டு. அம்மருந்து 1997-ல் நம் நாட்டில் தடை செய்யப்பட்டது. பழைய பொட்டலம் எங்காவது பரணில் கிடந்தால், உண்ணும் தானியத்தின் பக்கமே கொண்டுவரக் கூடாது.

சாட்சிப் புட்டி

மூடி வைத்த பயறில் என்ன நடக்கிறது என்று திறக்காமலே தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. சேமிக்கும் அன்று, அதே குவியலின் நான்கைந்து இடங்களிலிருந்து இரண்டு கைப்பிடிப் பயறு எடுத்து, ஒரு கண்ணாடிப் புட்டியில் போட்டு, வாயை மெல்லிய துணியால் கட்டி, சமையலறையில் கண்ணில் படும் இடத்தில் வைக்க வேண்டும். வாரம் ஒரு முறை பார்த்தால் போதும். வயலிலிருந்து புழு வந்திருந்தால் ஒரு மாதத்துக்குள் இந்தப் புட்டியில் வண்டு வெளிவரும். அப்படி வந்தால் சாக்கில் உள்ள சமையல் பயறை உடனே வெயில் அடுப்பில் இட்டு எடுக்க வேண்டும். அடைத்த விதைப் புட்டிகளைத் தொட வேண்டியதில்லை. அங்கே காற்று தீர்ந்திருக்கும். புட்டியில் வந்த வண்டுகளை வெளியே விடாமல் கொதிநீரில் கொட்டி அழித்துவிட வேண்டும்.

நெல், அரிசி ஆகியவற்றைச் சேமிப்பவர்களுக்கு, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக் கழகம் வடிவமைத்த துளைக்குழாய்ப் பொறி பயன்படும். பூச்சிகள் காற்றோட்டத்தை நாடிச் செல்லும் இயல்பை வைத்து அமைந்தது அது. தானியத்தில் செருகி வைத்தால், சிறு துளைகள் வழியே குழாய்க்குள் வரும் வண்டுகள் அடியில் உள்ள கூம்பில் விழுந்து ஏற முடியாமல் தங்கிவிடும்.

விதைக்கும் முன்

மார்கழி நடுவில், விதைப்புக்கு மூன்று வாரம் இருக்கும்போது, ஒரு புட்டியைத் திறந்து முளைப்புச் சோதனை செய்துவிட வேண்டும். பொறுக்கி எடுக்காமல், வந்தபடி 100 விதை எண்ணி, நனைத்துப் பிழிந்த சாக்குத் துணியில் ஒன்றோடொன்று ஒட்டாமல் வரிசையாகப் பரப்பி, பாய்போலச் சுருட்டி நிழலில் வைக்க வேண்டும். துணி காயாமல் நாள்தோறும் நீர் தெளிக்க வேண்டும். ஏழாம் நாள் பிரித்து, வேரும் தண்டும் ஒழுங்காக வந்த முளைகளை மட்டும் எண்ண வேண்டும். உளுந்துக்கும் பச்சைப்பயறுக்கும் விதைச் சான்றில் வேண்டிய குறைந்த அளவு 75. அதற்கு மேல் இருந்தால் வழக்கமான அளவு விதை போதும். 60, 65 என்று வந்தால், குறைவதற்கு ஏற்ப ஏக்கருக்கு இரண்டு கிலோ வரை கூடுதலாகத் தெளிக்கலாம். 50-க்கும் கீழே போனால் அந்த விதையை நம்ப வேண்டாம். மூன்று வாரம் கையில் இருப்பதால் வேளாண்மை விரிவாக்க மையத்தில் சான்று விதை வாங்கிக்கொள்ள அவகாசம் இருக்கும்.

சொந்த விதையே ஆனாலும் மூன்று ஆண்டுக்கு ஒரு முறை சான்று பெற்ற புது விதைக்கு மாறுவது நல்லது. திறந்த புட்டியில் மிச்சமான விதைக்கு வேப்பெண்ணெய் தடவாமல் இருந்தால், புடைத்துச் சமையலுக்கு எடுத்துக்கொள்ளலாம். காலியான புட்டிகளைக் கழுவிக் காய வைத்து, மூடி தொலையாமல் ஒரு சாக்கில் கட்டிப் பரணில் போட்டுவைத்தால் அடுத்த சித்திரைக்கும் அவையே உதவும்.